செடான் வைத்திருப்பவர்களே, ஆபீஸ் டிராஃபிக்கில் நிஜமாக எவ்வளவு மைலேஜ் வருகிறது?

சேலையூர்_சீனி:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, அப்பா அம்மா, ஏழாவது படிக்கும் பையன். இப்போது இருக்கும் சின்ன கார் பத்து வருடம் ஓடிவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி, பின் சீட்டில் காலை நீட்ட முடியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். அதனால் செடான்தான் என்று முடிவு செய்தாயிற்று. பட்டியலில் இருப்பவை டிசையர் மேனுவல், அமேஸ் சிவிடி (கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக்), கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஹோண்டா சிட்டி சிவிடி.

பிரச்சினை மைலேஜ். கம்பெனி சொல்வது டிசையர் மேனுவலுக்கு 24.79, அமேஸ் சிவிடிக்கு 19.46, சிட்டி சிவிடிக்கு 18.4. இதெல்லாம் யாருக்கு வருகிறது என்று தெரியவில்லை. ஷோரூமில் கேட்டால் "சிட்டிக்குள்ள 18 தாராளமா வரும் சார்" என்று டிசையருக்கும் சொல்கிறார்கள், அமேஸுக்கும் அதையே சொல்கிறார்கள்! யூடியூபில் பார்த்தால் ஒருவர் 27 என்கிறார், இன்னொருவர் 11 என்று புலம்புகிறார்.

என் ஓட்டம் இதுதான்: திங்கள் முதல் வெள்ளி வரை சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூர். கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழி. ஒரு பக்கம் 15, 16 கி.மீ. இருக்கும், காலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து போனதாக ஞாபகமில்லை. பொங்கல், தீபாவளி, ஊர்க் கொடை என்றால் அம்பாசமுத்திரம். ஏசி எப்போதும் ஓடும். மாதம் சராசரியாக ஆயிரம் கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி ஓட்டம் இருப்பவர்கள் உங்களுக்கு வரும் மைலேஜைச் சொன்னால் உபயோகமாக இருக்கும். நெடுஞ்சாலை மைலேஜ் இரண்டாம் பட்சம்.


செம்பாக்கம்_ரெகுலர்:

நான் கிட்டத்தட்ட உங்கள் ரூட்டேதான், நான் நாவலூர் வரை போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். 2021 டிசையர், மேனுவல், பெட்ரோல். அந்த மாடலுக்குக் கம்பெனி சொன்னது 23.26. எனக்கு ஆபீஸ் நாட்களில் 13லிருந்து 14. மே மாதம் 12.5க்கு இறங்கும். மழை நாளில் மேடவாக்கம் ஜங்ஷனில் தண்ணீர் நின்றால் அன்றைக்குக் கணக்கே பார்க்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஏசியை ஒன்றிலேயே வைத்து ஓட்டும்போது 15 தொட்டிருக்கிறது.

மீட்டரில் காட்டுவதைச் சொல்லவில்லை. டேங்க் நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து, மறுபடி நிரப்பும்போது போட்ட லிட்டரால் வகுத்து எடுத்தது. என் வண்டியில் டிஸ்ப்ளே எப்போதும் ஒரு கி.மீ. கூட்டித்தான் காட்டும். வீட்டு விசேஷத்தில் மைலேஜ் பெருமை பேசுபவர்கள் பாதிப் பேர் அந்த டிஸ்ப்ளேயைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

ஆனால் அதே வண்டி ஊருக்குப் போகும்போது வேறு வண்டி மாதிரி ஆகிவிடும். செங்கல்பட்டு தாண்டிவிட்டால் 90, 95இல் வைத்துக்கொண்டு போனால் நாலு பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏசி எல்லாம் சேர்த்து 21, 22 வருகிறது. அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால்தான் இது. பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளம்பினீர்கள் என்றால் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் டோல் தாண்டுவதற்குள்ளேயே நல்ல மைலேஜ் எல்லாம் போய்விடும்.

ஒரு விஷயம் கவனித்தேன். மேடவாக்கம் பாலத்துக்குக் கீழே திரும்புவதற்காக நிற்கும்போது, ட்ரிப் சராசரி கண் முன்னாலேயே 14.2, 14.1, 14.0 என்று இறங்கும். வண்டி ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப் (வண்டி நின்றதும் இன்ஜினைத் தானே அணைக்கும் வசதி) இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் நம் ஊர் வெயிலில் கேபின் சூடானதும் ஏசிக்காக இன்ஜினை அதுவே மறுபடி எழுப்பிவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.


சிவிடி_சித்தப்பா:

சிட்டி சிவிடி, ஐந்தாவது தலைமுறை. வேளச்சேரி டு கிண்டி டு போரூர். 10.5. சில மாதம் 11. கும்பகோணம் போய் வந்தால் 17, 17.5.

கேட்டதுக்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி என் கருத்து: மைலேஜ் பார்ப்பவர் சிட்டி பக்கம் வராதீர்கள், பின் சீட்டைப் பார்ப்பவர் வேறு எதன் பக்கமும் போகாதீர்கள். உங்கள் அப்பாவை மூன்று வண்டியிலும் பின்னால் உட்கார வைத்துப் பாருங்கள், அவரே முடிவைச் சொல்லிவிடுவார்.


பட்டறை_கோவை:

நான் கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். மைலேஜ் வரலை என்று வாரத்துக்கு ஒருவராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 24.79 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது பொய் கிடையாது. வண்டியை ரோட்டிலேயே ஓட்டாமல், உருளைகள் மேல் நிறுத்தி, குறிப்பிட்ட ஒரு ஓட்ட வரிசைப்படி ஓட்டி எடுத்த எண் அது. ஐரோப்பாவின் பழைய சோதனை முறையை நமக்குத் தக்கபடி மாற்றியது, அங்கே உச்ச வேகம் 120, இங்கே 90 என்று குறைத்தார்கள். ஏசி அணைந்திருக்கும். டிராஃபிக் பகுதி என்று அதில் வருவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்: நின்ற வண்டி 50 கி.மீ. வேகத்தைத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்ளும். கேம்ப் ரோடு சிக்னலில் பச்சை விழுந்ததும் நீங்கள் அப்படி நகர்ந்தால் பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் இறங்கியே வந்துவிடுவார். மொத்த சோதனையின் சராசரி வேகம் 32ஐ ஒட்டி, அதில் வண்டி நின்றுகொண்டிருப்பது சுமார் கால் பங்கு நேரம்.

இப்போது உங்கள் ஓட்டத்துக்கு வாருங்கள். 16 கி.மீ., ஒரு மணி பத்து நிமிடம் என்று வைப்போம். சராசரி வேகம் 14 கூட இல்லை. அதில் பாதி நேரம், 35 நிமிடம், வண்டி நிற்கிறது. 1.2 லிட்டர் இன்ஜின் ஏசியோடு சும்மா நின்றால் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். 35 நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று போடுங்கள். மீதி நகரும்போது லிட்டருக்கு 20 கொடுக்கிற நல்ல வண்டி என்றே வைத்தாலும் 16 கி.மீ.க்கு 0.8 லிட்டர். மொத்தம் 1.3 லிட்டர். 16ஐ வகுத்தால் 12.3. நகரும்போது 20 கொடுத்த வண்டி கையில் தருவது 12! செம்பாக்கம் நண்பர் 13, 14 எடுக்கிறார் என்றால் அவர் வண்டியும் சரி, காலும் சரி, இரண்டும் நன்றாகவே இருக்கிறது.

அதனால்தான் யாராவது "என் வண்டி 18 தருது" என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி "சராசரி வேகம் எவ்வளவு காட்டுது?" என்பது. இப்போது பல வண்டிகளில் மீட்டரிலேயே அது வரும். சராசரி 14 காட்டுபவரும் 28 காட்டுபவரும் ஒரே மாடலை வைத்துக்கொண்டு மைலேஜை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கோவையில் என் வாடிக்கையாளர்கள், அவிநாசி ரோடு மேம்பாலம், பைபாஸ் என்று ஓட்டுபவர்கள், இதே டிசையரில் 16, 17 சொல்கிறார்கள். அவர்கள் உங்களைவிடக் கெட்டிக்கார டிரைவர்கள் என்று அர்த்தமில்லை.

அடுத்தது, வண்டியில் நிஜமாகவே கோளாறு இருந்து மைலேஜ் குறைவது. நான் பார்த்தவரை முதல் காரணம் டயர் காற்று. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவு, டயர் ஆறியிருக்கும்போது. பங்கில் பையன் "எவ்ளோ சார்?" என்று கேட்டால் "நீயே பாத்து போடுப்பா" என்பவர்கள்தான் அதிகம். இரண்டாவது பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது. இதை நீங்களே பார்க்கலாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு வீல் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சுடும். ஒரு வீல் மட்டும் மற்றதைவிட நன்றாக அனல் அடித்தால் அங்கே பேட் விடுபடாமல் உரசுகிறது. அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துக் கொடுத்தாலே ஒரு கி.மீ. திரும்ப வந்த வண்டிகள் உண்டு. ஏர் ஃபில்டர், ஆயில் கிரேடு, அலைன்மென்ட் இதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெட்ரோலில் ஊற்றச் சொல்லி விற்கிற பாட்டில்களில் காசைப் போடாதீர்கள்.


மலைக்கோட்டை_ரவுண்டு:

திருச்சியிலிருந்து. டிசையர் சிஎன்ஜி. கம்பெனி கணக்கு கிலோவுக்கு 33.73. எனக்கு ஊருக்குள் 25, 26. தஞ்சாவூர், புதுக்கோட்டை ஓட்டத்தில் 29 வரை. எங்கள் பக்கம் கிலோ தொண்ணூறு ரூபாயைச் சுற்றி இருக்கிறது, அப்படியென்றால் கி.மீ.க்கு மூன்றரை ரூபாய். பெட்ரோலில் 14 வந்தால் ஏழு ரூபாய்க்கு மேல். பாதிக்குப் பாதி.

ஆனால் சீனி அண்ணா, டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். சிலிண்டர் உட்கார்ந்த பிறகு இரண்டு பை போனால் பெரிய விஷயம். ஐந்து பேர் அம்பாசமுத்திரம் போய்த் திரும்பும்போது வீட்டில் கட்டிக் கொடுக்கிற அரிசி மூட்டையும் தேங்காயும் யார் மடியில்? அப்புறம் பங்க் வரிசை. எங்கள் ஊரிலேயே சாயங்காலம் போனால் ஆட்டோக்களுக்குப் பின்னால் அரை மணி.


கணக்கர்_பூந்தமல்லி:

பட்டறைக்காரர் சொன்ன சராசரி வேகக் கணக்கு அருமை. நான் அதை ரூபாயில் சொல்கிறேன், ஏனென்றால் மைலேஜ் வித்தியாசத்தை நாம் எல்லோரும் மனதுக்குள் பெரிதாக்கி வைத்திருக்கிறோம்.

மாதம் 1000 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று தோராயமாக. முழுக்க டிராஃபிக் ஓட்டம் என்றே வைப்போம். டிசையர் 13.5 கொடுத்தால் 74 லிட்டர். அமேஸ் சிவிடி 12 என்று வைத்தால் 83 லிட்டர். சிட்டி 10.5 என்றால் 95 லிட்டர். டிசையருக்கும் அமேஸுக்கும் மாதம் 900 ரூபாய், டிசையருக்கும் சிட்டிக்கும் 2,100 ரூபாய். தினமும் ஒரு மணி நேரம் இடது காலால் கிளட்சை மிதிப்பதற்கும் மிதிக்காமல் இருப்பதற்கும் மாதம் 900 ரூபாய் விலை என்று பாருங்கள். எனக்கு வயது 46, நான் அந்த 900ஐ யோசிக்காமல் கொடுப்பேன்.

யாராவது ஹைப்ரிட் சொல்வதற்கு முன் அதையும் போட்டுவிடுகிறேன். சிட்டி ஹைப்ரிட் நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான் ஜொலிக்கும், நிற்கும்போது இன்ஜின் பெரும்பாலும் அணைந்திருக்கும், ஏசி பேட்டரியில் ஓடும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரன்ட் திரும்பி வரும். டிராஃபிக்கில் 20 என்றே வைப்போம். 50 லிட்டர். சாதாரண சிட்டியின் 10.5ஓடு ஒப்பிட்டால் மாதம் 45 லிட்டர், 4,500 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 54,000. சாதாரண சிட்டி சிவிடிக்கும் அதற்கும் விலை வித்தியாசம் மூன்றரை லட்சம் என்றால் அதை மீட்க ஆறரை வருடம். மாதம் 2000 ஓட்டுபவருக்கு யோசிக்கலாம், 1000க்கு வேலைக்காகாது.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பற்றியும் கேட்பீர்கள். எத்தனாலில் அதே ஒரு லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதில் மாயம் இல்லை. 2021இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்கு ட்யூன் செய்த கார்களில் 6, 7 சதவீதம் குறையும் என்று எழுதியிருந்தார்கள். இ20க்கே ட்யூன் செய்து வரும் புது வண்டியில் இழப்பு அதைவிடக் குறைவு. 14 தரும் வண்டியில் 7 சதவீதம் என்றாலும் ஒரு கி.மீ.தான். "22 வந்துகொண்டிருந்தது, இ20 வந்ததும் 13 ஆகிவிட்டது" என்பவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் வீடு மாறியிருப்பார்கள், இல்லை ஆபீஸ் மாறியிருப்பார்கள்.


சிவிடி_சித்தப்பா:

கணக்கர் சார், அந்த 2,100க்குப் பின் சீட்டின் விலையையும் கழித்துக்கொள்ளுங்கள் 😀


சேலையூர்_சீனி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. சிட்டி பட்டியலிலிருந்து போய்விட்டது, சித்தப்பா மன்னிக்கவும். அப்பாவை டிசையரிலும் அமேஸிலும் உட்கார வைத்துப் பார்த்தேன், இரண்டுமே பரவாயில்லை என்றார், அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

இப்போது புதுக் குழப்பம். மனைவிக்கும் ஓட்ட வேண்டும், அவர் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்கிறார். டிசையர் ஏஎம்டிக்குக் கம்பெனி கணக்கு 25.71, மேனுவலைவிட அதிகம்! கிளட்சும் வேண்டாம், மைலேஜும் கூட என்றால் அமேஸ் சிவிடி எதற்கு? இதில் என்ன கண்ணி இருக்கிறது?


பட்டறை_கோவை:

கண்ணி எதுவும் இல்லை. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான், உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் கிளட்சை மிதிக்கிறது. மேனுவலைச் சோதிக்கும்போது எந்த வேகத்தில் எந்த கியர் என்று விதிமுறையே சொல்லிவிடும். ஏஎம்டி தன் கம்ப்யூட்டர் சொல்வதுபோல சீக்கிரமே மேல் கியருக்கு மாற்றிக்கொள்ளும், அதனால் அங்கே கொஞ்சம் கூட வரும். ரோட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் ஊர்ந்து போகும்போது தெரியும். முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல் கியர் என்று மாறும்போது தலை லேசாக முன்னும் பின்னும் போய்வரும். சிவிடியில் அது கிடையாது, வழுக்கிக்கொண்டு போகும், அதற்குத்தான் அந்த 900 ரூபாய். மேம்பால ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் ஏஎம்டியை ஆக்ஸிலேட்டரால் தாங்கி நிறுத்தாதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். அப்படித் தாங்கித் தாங்கிக் கிளட்ச் தேய்ந்து வந்த வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.


செம்பாக்கம்_ரெகுலர்:

நெடுஞ்சாலைக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், எந்த வண்டி வாங்கினாலும் இது பொருந்தும். உளுந்தூர்பேட்டை தாண்டி ரோடு காலியாக இருக்கும்போது 115இல் போட்டுப் போனால் என் வண்டி 17க்கு வந்துவிடும். 90இல் போனால் 21க்கு மேல். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 90க்கும் 115க்கும் நடுவில் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. திருச்சி போய்ச் சேருவதில் மிச்சமாவது இருபது நிமிடம், அதையும் பையன் டீக்கடையில் இறங்கணும் என்றால் அங்கே விட்டுவிடுவோம்.

மைலேஜ் பார்க்கும்போது ஒரே பங்கில், நாசில் தானாகக் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக்கித் தருகிறேன் என்று அவர்கள் மேலே மேலே அமுக்கினால் அடுத்த தடவை கணக்கு ஒரு லிட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும். ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். புது வண்டி முதல் சில ஆயிரம் கி.மீ. வரை கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும்.


சேலையூர்_சீனி:

புரிந்தது. அமேஸ் சிவிடி, டிசையர் ஏஎம்டி இரண்டுக்கும் டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாங்க என்கிறார்கள்.


கணக்கர்_பூந்தமல்லி:

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டு செவ்வாயோ புதனோ காலை எட்டரைக்கு வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், மேடவாக்கம் வரை மனைவி ஓட்டிப் பார்க்கட்டும், நீங்கள் பின்னால் அப்பாவோடு உட்காருங்கள். கிளம்பும்போது ட்ரிப்பை ஜீரோ செய்யுங்கள்.


பட்டறை_கோவை:

கூட வருகிற சேல்ஸ் பையன் பேச்சு கொடுத்துக்கொண்டே ஏசியைக் குறைக்கப் பார்ப்பான். இரண்டு வண்டிக்கும் ஒரே அளவில் வைத்துவிட்டு அதைத் தொட விடாதீர்கள். டயர் காற்றையும் கிளம்புவதற்கு முன்னாடியே பார்த்துவிடுங்கள், டெமோ வண்டிகளுக்கு அதை யாரும் பார்ப்பதே இல்லை.